கதவுநிலை இரண்டாக உடைந்து தெரிகிறதா?

வணக்கம் சகோதரரே. சுங்கை சிப்புட்டில் லயத்து வீட்டை உடைக்கும் முன் முன்கூடத்தைக் கைப்பேசியில் சுற்றி எடுத்ததாகவும், படங்களை ஒட்டியதும் கதவுநிலை உடைந்து தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கோளாறு மென்பொருளில் இல்லை. கையை நீட்டிப் பிடித்து உடம்போடு திரும்பினால் லென்ஸும் சேர்ந்து நகரும். பக்கத்தில் இருக்கும் கதவுநிலை, பின்சுவரை வைத்துப் பார்க்கும்போது இடம் மாறிவிடும். திடலில் இது தெரியாது, சின்ன அறையில் கெடுத்துவிடும்.

லென்ஸ் ஒரே இடத்தில் நிற்க, நீங்கள்தான் அதைச் சுற்றி வர வேண்டும். லென்ஸுக்குக் கீழே வரும்படி ஒரு நூலை ஒட்டி, நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தரையை உரசாமல் தொங்கவிடுங்கள். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. ஒவ்வொரு முறையும் நட்டு ஆடி நின்று, அந்தப் புள்ளிக்கு நேர் மேலே வந்த பிறகு அமுக்குங்கள். கைப்பேசி செங்குத்தாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்காவது முந்தைய படத்தோடு சேரட்டும். கேமராவில் வெளிச்ச அளவு படத்துக்குப் படம் மாறாதபடி பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பியதும் சுவர் இருண்டுவிடும்.

இப்போது கையில் இருக்கும் படங்களுக்கு ஹகின் (Hugin) என்ற படம் ஒட்டும் மென்பொருள் போதும், இலவசம்தான். இரண்டு படங்களிலும் ஒரே இடம் என்று அது குறித்துக்கொள்ளும் இணைப்புப் புள்ளிகளில், கதவுநிலையில் விழுந்தவற்றை நீக்குங்கள். அப்புறம் மாஸ்க் போட்டு, அதாவது மற்றப் படங்களில் அந்தப் பகுதியை மறைத்து, நிலை முழுவதும் ஒரே படத்திலிருந்து வரும்படி செய்யுங்கள். ஓரளவு தேறும். ஆனாலும் வீடு நிற்கும்போதே இன்னொரு தடவை போய் எடுத்துவிடுங்கள், சாமி மாடத்தை நேராக நின்று தனியாகவும் எடுங்கள்.