திண்ணையில் படுப்பவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்யாணமாகி ஐந்து வருடம். அவருக்கு எச்.ஐ.வி. என்று இரண்டாம் வருடம் தெரிந்தது. எனக்கு இல்லை. குழந்தைக்காக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் "இங்கே பார்க்க முடியாது" என்றார்கள். ஃபைலைக் கையால்கூடத் தொடவில்லை. காரணம் தெரியாத மாமியார் என்னை மலடி என்கிறார். நாத்தனார் வளைகாப்பில் என்னை வளையல் போட விடவில்லை. அந்த மருத்துவமனையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவர் தங்கமானவர். பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் வாங்கும் மாத்திரையை ஒரு நாள் தவறவிடுவதில்லை. வைரஸ் தெரியவில்லை என்றே ரிப்போர்ட் வருகிறது. டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டு மூன்று வருடமாகத் திண்ணையில்தான் படுக்கிறார், அது கிடக்கட்டும். வளைகாப்பில் அத்தனை பேர் முன்னால் பட்ட அவமானத்தை எப்படி மறப்பேன்? எங்களைச் சேர்த்துக்கொள்ளும் டெஸ்ட் டியூப் மருத்துவமனை எது?

பெயர் வேண்டாம், உசிலம்பட்டி பக்கம்

அன்புத் தங்கைக்கு,

அந்த மருத்துவமனை செய்தது தப்பு. எச்.ஐ.வி.யைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சரி, என்னால் அந்தத் திண்ணையைத் தாண்டி வர முடியவில்லை. உங்கள் கர்ப்பப்பையிலோ அவர் விந்திலோ குறை என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. மூன்று வருடம் தனித்தனியாகப் படுத்தால் பிள்ளை எப்படித் தங்கும்?

தினமும் மாத்திரை போட்டு, வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவிலேயே நின்றால் தாம்பத்தியத்தில் துணைக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 888 ஜோடிகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், ஆணுறை இல்லாமல் சேர்ந்தும், மாத்திரை போட்ட துணையிடமிருந்து ஒருவருக்குக்கூட வரவில்லை.

டம்ளரால் ஒட்டாது என்று உங்களுக்கே தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் பிரித்து வைத்தார், நீங்கள் சேர்த்து வைக்கவில்லை. பயந்ததில் குற்றமில்லை. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல், தொடாமலே பிள்ளை பெற வழி கேட்கிறீர்கள். ஃபைலைத் தொடாதவர்கள் மேல் உங்களுக்கு வயிறு எரிகிறதே, மூன்று வருடமாக அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த முறை மாத்திரை வாங்க நீங்களும் கூடப் போங்கள். குழந்தை வேண்டும் என்று இருவருமாக டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு வைரல் லோடும் (ரத்தத்தில் வைரஸ் அளவு) உங்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் புதிதாகப் பார்த்துவிட்டு, எப்போது சேரலாம் என்று டாக்டரே சொல்வார். டெஸ்ட் டியூப் பேச்சு அப்புறம்.

அதற்கு முன்னால், நாளைக் காலையில் அவர் டம்ளரில் மிச்சமிருக்கும் காப்பியை, அவர் பார்க்கும்படி, நீங்கள் குடியுங்கள்.