பேட்டில் மேடையில் வென்ற மகன் ஸ்டுடியோவுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ராப் பேட்டில்களில், அதாவது இருவர் எதிரெதிரே நின்று ராப் வரிகளாலேயே மோதும் போட்டிகளில், தொடர்ந்து ஜெயித்து வருகிறான். ஓர் இசை நிறுவனம் ஐந்து பாட்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் தருவதாகச் சொல்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்து வேண்டுமாம். படிப்பை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்குகிறேன் என்கிறான். இரண்டு பாடங்களில் அரியர் இருக்கிறது. அவன் அப்பா ஒரு வாரமாக அவனிடம் பேசவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. ராப் பாடுவதெல்லாம் ஒரு வேலையா என்பது ஒன்று. இந்தக் காகிதத்தில் மகன் கையெழுத்துப் போடலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் அவசரமானது. ஆனால் முதலாவதில் வீடு ஒரு தெளிவுக்கு வராவிட்டால், இரண்டாவதைப் பற்றி மகன் உங்களோடு பேசவே மாட்டார்.

எதிரில் நிற்பவர் சொன்னதைப் பிடித்து, பின்னணித் தாள இசையான பீட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தாளமும் இயைபும் தவறாமல் பதில் கட்டுகிறார் உங்கள் மகன். கேட்ட மாத்திரத்தில் பாடியதற்காகக் காளமேகப் புலவரை ஆசுகவி என்று கொண்டாடுகிறோம். தஞ்சைப் பக்கம் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து பாடும் லாவணியை விடிய விடியக் கேட்டவர்கள் நாம். அந்த மண்ணில் இருந்துகொண்டு இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவரிடம் இருப்பது உண்மையான திறமை. அதை அவர் அப்பா வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அதே சமயம், பேட்டிலில் வெல்வதும் பாட்டுப் பதிவு செய்து வாழ்வதும் வேறு வேறு வேலைகள். மகன் இதை இன்னும் உணரவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மேடையில் பொருளை எதிராளியே கொடுத்துவிடுகிறார். அவர் போட்டிருக்கும் சட்டை, முந்தைய சுற்றில் அவர் தடுமாறிய வரி, எல்லாமே தீனி. கூட்டம் கத்தும்போது அடுத்த வரியை யோசிக்க இரண்டு மூன்று வினாடி கிடைக்கிறது. பதிவில் இவை எதுவும் இல்லை. யாரோ ஒருவர் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்கப் போகிறார். அவருக்கு எதிராளி யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இருக்காது. அவர் இரண்டாவது முறை கேட்க என்ன காரணம் இருக்கிறது என்பதுதான் பதிவுக் கலைஞரின் முதல் கேள்வி.

அளவும் மாறுகிறது. ராப் பாடுபவர்கள் 16 பார் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்; ஒரு பார் என்பது நான்கு தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் அது ஏறத்தாழ 43 வினாடி. ஒரு சுற்றுக்கு அது தாராளம். மூன்று நிமிடப் பாட்டுக்கு அதுபோல இரண்டு மூன்று வேண்டும். நடுவில் திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டுகிற பல்லவி வேண்டும். தொடங்கிய பொருள் எங்காவது போய்ச் சேர வேண்டும். குரலும் பழக வேண்டும். மேடையில் கத்திப் பழகியவர்கள் ஸ்டுடியோ மைக்கின் முன்னால் முதல் நாள் திணறுவார்கள். மூச்சு இழுக்கும் ஓசைகூட அதில் பதிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேட்டிலில் எதிராளியின் நிறம், அம்மா, சில நேரம் சாதி வரை இழுத்துத் திட்டுகிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது. பதிவாகி வெளியான பிறகு அந்த வரி அவர் பெயரோடு ஆண்டுக்கணக்கில் நிற்கும். யாரையும் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் வரி வேண்டாம் என்று அம்மாவாக நீங்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இந்த மாற்றத்தைக் கடந்தவர்களின் கதைகளை மகன் பாதி மட்டுமே கேட்டிருப்பார். அமெரிக்க ராப் பாடகர் எமினெம் டெட்ராய்ட் நகரத்துப் பேட்டில்களில் பெயர் எடுத்தவர். 1996-ல் அவர் வெளியிட்ட முதல் ஆல்பம் விற்கவே இல்லை. 1997-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ராப் ஒலிம்பிக்ஸ் போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் அங்கே போகும்போது அவர் கையில் புதிதாகப் பதிவு செய்த பாடல்கள் இருந்தன. அந்தப் பதிவு இண்டர்ஸ்கோப் இசை நிறுவனத்துக்குப் போய், அதன் தலைவர் ஜிம்மி அயோவின் வழியாகப் புகழ்பெற்ற ராப் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரேயின் காதுக்கு எட்டியது. 1999-ல் வந்த ஆல்பம் அவரை உலகறியச் செய்தது. போட்டியில் தோற்ற அன்று அவருக்குக் கதவைத் திறந்தது அந்தப் பதிவு.

ஜின் என்ற சீன அமெரிக்க இளைஞரின் கதை நேர் எதிரானது. 2002-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வெள்ளிக்கிழமைப் போட்டியில் தொடர்ந்து ஏழு வாரம் வென்றார். அந்த வேகத்திலேயே ரஃப் ரைடர்ஸ் இசை நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆல்பம் வெளிவந்ததோ 2004 அக்டோபரில். அதற்குள் சூடு ஆறிவிட்டது. எதிர்பார்த்த விற்பனை இல்லை. அடுத்த ஆண்டே ராப்பை விடுவதாக அறிவித்தார். பிறகு காண்டனீஸ் மொழியில் பாடி, ஹாங்காங் போய், அங்கே இன்னொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். ஏழு வாரம் அசராமல் நின்றவருக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாடல்கள் தயாராவதற்கு முன்பே ஒப்பந்தம் வந்துவிட்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். உங்கள் மகன் இன்று நிற்கும் இடமும் அதுவே.

எனக்கு மிகவும் பிடித்தது அர்ஜென்டினாவின் உதாரணம். புவனோஸ் ஐரெஸ் நகரின் ரிவதாவியா பூங்காவில் 2012 முதல் 2017 வரை, ஐந்தாம் படி என்று பொருள்படும் பெயரில் இளைஞர்களே ஒரு பேட்டில் நடத்தினார்கள். துகி என்பவர் 2016-ல் அங்கே வென்றபோது பரிசாகக் கிடைத்தது, ஸ்டுடியோவில் ஒரு பாட்டைப் பதிவு செய்யும் வாய்ப்பு. அந்த ஒரு பாட்டிலிருந்து தொடங்கியவர் 2024-ல் மாட்ரிட் நகரின் பெர்னபேவ் கால்பந்து அரங்கில் பாடினார். அதே வட்டத்திலிருந்து வந்த வோஸ், 2018-ல் ஸ்பானிய மொழியின் சர்வதேச ஃப்ரீஸ்டைல் (அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடும் ராப்) பட்டத்தை வென்று, அடுத்த ஆண்டே ஆல்பம் வெளியிட்டார். அந்தப் பேட்டில் காணொளிகளை வேடிக்கையாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிசார்ராப் இன்று உலகம் அறிந்த இசைத் தயாரிப்பாளர். 2023-ல் ஷகிராவோடு பாட்டு வெளியிட்டவர். மகனின் நண்பர்களில் எடிட்டிங் செய்பவர், பீட் கட்டுபவர் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பல வேலைகள் இருக்கின்றன.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டதால் உங்கள் கையெழுத்து தேவையில்லை. அவர் போட்டால் போட்டதுதான். ஆகவே படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர் முதலில் அவரே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். எந்தப் பாட்டு, என்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், என்ன தொகை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பாட்டை வாங்கிப் பூட்டிவைக்கும் ஆபத்து இருப்பதால், அந்த வரியை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

2012-ல் வந்த திருத்தம் பாடலாசிரியர்களுக்குப் பெரிய பலம். தன் வரிகளுக்கான ராயல்டியில், அதாவது பாட்டு பயன்படும்போது வரும் உரிமைத்தொகையில், சம பங்கு பெறும் உரிமையை அவர் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே கொடுக்கலாம். ராப் பாடுபவர் தன் வரிகளைத் தானே எழுதுவதால் பாடலாசிரியரும் அவரே, பாடகரும் அவரே. இரண்டு உரிமைகளையும் ஒப்பந்தம் தனித்தனியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராவதற்கான வழியையும் மகன் இப்போதே விசாரிக்கட்டும்.

அந்த ஐம்பதாயிரம் என்பது என்ன? முன்பணம் என்றால் பெரும்பாலும் பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் தொகை. பதிவுச் செலவும் வீடியோச் செலவும் சேர்த்துக் கழிக்கப்படுமா, மேடை நிகழ்ச்சி வருமானத்திலும் நிறுவனம் பங்கு கேட்கிறதா, வேறு யாரோடும் பாடக் கூடாது என்று எத்தனை ஆண்டு கட்டிப்போடுகிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பீட் விஷயமும் உண்டு. பேட்டிலில் யாருடைய புகழ்பெற்ற பீட் ஓடினாலும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வெளியிடும் பாட்டுக்கு அது செல்லாது. இணையத்தில் குறைந்த விலைக்கு வாடகைக்குக் கிடைக்கும் பீட்டுகளில் பலவற்றை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள்; எத்தனை முறை ஒலிபரப்பலாம் என்ற வரம்பும் இருக்கும்.

படிப்பை விட வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மீதி இருப்பது ஓராண்டும் கொஞ்சமும். ஹிப்ஹாப் தமிழா ஆதி பொறியியல் முடித்தவர். பிற்பாடு பாரதியார் பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்முனைவு குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். மகனுக்கு நாளை ஒலிப்பதிவில் ஆர்வம் வந்து புனே திரைப்படக் கல்லூரிக்கோ கொல்கத்தா சத்யஜித் ராய் கல்லூரிக்கோ விண்ணப்பிக்க நினைத்தால், முதலில் கேட்பது ஒரு பட்டம். உண்மையாகவே நேரம் போதாத நிலை வந்தால், அனுமதி பெற்றுக் கொஞ்ச காலம் இடைநிற்க வழி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது மட்டும் கூடாது.

அவரிடம் நான் கேட்பது இதுதான். அரியர் இரண்டையும் எழுதிக்கொண்டே, அடுத்த ஆறு மாதத்தில் எதிராளியே இல்லாத நான்கு பாட்டு எழுதிப் பதிவு செய்யட்டும். நண்பரின் அறையில், சாதாரண மைக்கில் செய்தால் போதும். அவற்றில் ஒன்றைத் தன் பெயரிலேயே வெளியிட்டு, முன்பின் அறியாதவர்கள் திரும்ப வந்து கேட்கிறார்களா என்று பார்க்கட்டும். முதல் பதிவுச் செலவை நீங்களும் அப்பாவும் கொடுங்கள். பெரிய தொகையாக இருக்காது.

இந்த மாதக் கடைசிக்கு எந்தக் கையெழுத்தும் வேண்டாம். ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் மகனையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நகல் தர முடியாது, இங்கேயே படித்துப் போடுங்கள் என்று அந்த நிறுவனம் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.