மிலானிலிருந்து ஒரு நாள்: அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால்

மிலானில் ஒரே ஒரு நாள் கையில் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, வெனிஸா கோமோ ஏரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வெனிஸ் வேண்டாம். ரயிலில் போகவே இரண்டரை மணி நேரம் ஆகும். இறங்கினால் பாலத்துக்குப் பாலம் படி.

கோமோ ஏரிக்கரையில் இருக்கும் வரென்னா என்ற ஊருக்குப் போங்கள். மிலானோ சென்ட்ராலேயிலிருந்து திரானோ போகும் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். போகும்போது இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். லெக்கோ தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான். நடுநடுவே சுரங்கம் வந்து மறைக்கும், வெளியே வந்ததும் தண்ணீர் தண்டவாளத்தை ஒட்டியே இருக்கும்.

வரென்னா ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு இறக்கம், பத்து நிமிடம் போல. மெதுவாக இறங்கலாம். திரும்பும்போது அதுவே ஏற்றம், அதனால் ரயிலுக்கு நேரம் வைத்துக் கிளம்புங்கள். எல்லோரும் பெல்லாஜியோவுக்குத்தான் படகு ஏறுவார்கள். அழகான ஊர்தான், ஆனால் கடைத்தெருவே படிக்கட்டு. அம்மாவுக்காக நான் சொல்வது, அதே துறையிலிருந்து படகில் போகக்கூடிய இன்னொரு ஊரான மெனாஜ்ஜோ: ஏரிக்கரையில் சமதளமான நடைபாதை, உட்காரப் பெஞ்சுகள். படகிலும் உட்கார்ந்தபடியே மலையையும் ஊர்களையும் பார்த்துவிடலாம்.

டிக்கெட்டைக் காகிதமாக வாங்கினால், ஏறுமுன் பிளாட்பாரத்தில் உள்ள மெஷினில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம் போடுவார்கள்.

அன்றைக்கு மழை என்றால் ஏரியை விட்டுவிட்டு பெர்கமோ நகரத்துக்குப் போங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், குன்றின் மேல் இருக்கும் பழைய நகரத்துக்கு ஸ்டேஷன் வாசலிலிருந்தே பஸ் உண்டு.