படுக்கும் நேரம் எங்கே அம்மா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனை எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. விடியற்காலையில் படித்தால் மண்டையில் ஏறும் என்று 5 மணிக்கே எழுப்புகிறேன். பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை ‘இதோ’ என்பான், திரும்பிப் படுத்துக்கொள்வான். தண்ணீர் தெளித்துப் பார்த்தாகிவிட்டது, ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. அவங்க அப்பா போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டார் எழுந்துவிடுகிறார்கள், இவன் எழுவதில்லை. ஸ்கூல் பஸ் 7.10-க்கு. இரவு டியூஷன் முடிந்து 9.15-க்கு வருவான். சீரியல் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் 11 மணி வரை தூக்கம். இது சோம்பேறித்தனம்தானே?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: எழுப்பும் நேரம், பஸ் நேரம், டியூஷன் நேரம் எல்லாவற்றையும் நிமிஷ சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதை மட்டும் காணோம். நானே கணக்குப் போட்டேன். சீரியல் முடிந்து சாப்பாடு என்றால் 10 மணி. அப்புறம் ரெக்கார்டு நோட்டு, கொஞ்சம் போன். தலை சாய எப்படியும் 11.30 ஆகும். 5 மணிக்கு நீங்கள் வந்து நிற்கிறீர்கள். நடுவில் இருப்பது ஐந்தரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். தினமும் இரண்டரை மணி நேரம் அவனிடம் கடன் வாங்குகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வசூலுக்கு வந்தால் சோம்பேறி என்கிறீர்கள்.

விடியும் முன் தூங்குகிறவர்கள் மேல் பாய்வது வேலூருக்குப் புதிதில்லை. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் செய்ததும் அதுதான். ஆனால் அவர்கள் பாய்ந்தது வெள்ளைக்காரன் மேல்.

இந்த வயசில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போய்விடும். தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். 9 மணிக்கே படுடா என்றால் கண் மூடாது. 5 மணிக்கு எழுந்திருடா என்றால் கண் திறக்காது. இதை யோசித்துத்தான் கலிஃபோர்னியாவில் 2019-இல் சட்டமே போட்டார்கள்: உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. நம் ஊரில் அதற்குள் ஸ்பெஷல் கிளாஸே முடிந்துவிடும்.

உங்கள் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி முழுக்க அனலை இறக்கும். அதன் கீழே ஃபேன் போட்டால் அந்த அனல்தான் சுற்றி வரும். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். காட்பாடியில் நாங்கள் குடியிருந்தபோது சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சித்திரை, வைகாசியில் படுக்கையும் அங்கேதான். யாராவது ஒருவர் கோரைப்பாயைச் சுருட்டும் சரசர சத்தம் கேட்டதும் மற்றவர்களும் எழுந்துவிடுவோம், மூஞ்சியில் வெயில் அடிப்பதால் வேறு வழியும் கிடையாது. ‘எழுந்திரு’ என்று யாரும் கத்தியதாக நினைவில்லை. (அப்படியும் நான் பாசஞ்சர் ரயிலை விட்ட நாட்கள் உண்டு, அது வேறு கதை.)

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த 5 மணிப் படிப்பை நிறுத்துங்கள். தூக்கத்தில்தான் மூளை அன்றைக்குப் படித்ததைப் பதிய வைக்கிறது; அதை வெட்டிவிட்டுப் படிக்க வைத்தால் எதுவும் மண்டையில் ஏறாது. பஸ் 7.10-க்குத்தானே? 6.15-க்கு எழுந்தால் போதும். பையன் 9.15-க்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தட்டில் சோறு இருக்கட்டும். சீரியலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவன் வயிறு அதற்குக் காத்திருக்க வேண்டாம். 10 மணிக்கு ஹாலில் எல்லார் போனும் சார்ஜில் போய்விட வேண்டும். ‘எல்லார்’ என்பதில் அவங்க அப்பாவும் அடக்கம். போன் அலாரத்துக்குப் பதில் மணியடிக்கும் கடிகாரம் ஒன்று வாங்கி, எழுந்து நடந்தால்தான் நிறுத்த முடியும் என்கிற இடத்தில் வையுங்கள். மணி அடித்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். பத்து தடவை கூப்பிடுவீர்கள் என்று தெரிந்தால் ஒன்பது தடவை வரைக்கும் யார்தான் எழுவார்கள்? ஒரு நாள் பஸ்ஸை விடட்டும், டவுன் பஸ்ஸில் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். 11 வரை விட்டால் ஞாயிறு ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பான், திங்கட்கிழமை மறுபடி உங்கள் பாடுதான்.

எட்டு மணி நேரம் தூங்கியும் வகுப்பில் சாமி ஆடினாலோ, ராத்திரி பலமாகக் குறட்டை விட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வங்காளத்திலிருந்து ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற ஊரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஆட்டோ சத்தம்தான் செலவு.

மூன்று வாரம் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அவன் படுத்த நேரம் இருக்கட்டும்.