நரிக்குறவர் எஸ்.டி. சான்றிதழ்: காரைக்குடியில் மனு திரும்பி வந்தால்

உங்கள் மகளுக்கு எஸ்.டி. சான்றிதழ் கேட்டுப் போட்ட மனு காரணம் சொல்லாமலே திரும்பியது என்கிறீர்கள். நரிக்குறவர்களுக்கு முன்பு தந்த பழைய எம்.பி.சி. சான்றிதழை எஸ்.டி. என்று திருத்தித் தர மாட்டார்கள், புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.டி. சான்றிதழில் கையெழுத்திடுவது தாசில்தார் இல்லை, வருவாய் கோட்டாட்சியர். காரைக்குடி தாலுகாவுக்கு அவர் தேவகோட்டை கோட்டாட்சியர்.

இ-சேவை மையத்தில் இனத்தை வெறும் 'குறவர்' என்று பதிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 'குறவன்' இருப்பது எஸ்.சி. பட்டியலில். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் எஸ்.டி. பட்டியலில் சேர்த்தது நரிக்குறவன், குருவிக்காரன் என்ற பெயர்களை. பட்டியலில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும், கிட்டத்தட்ட அதே இனம் என்று சேர்த்துக்கொள்ள முடியாது என்று 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செட்டிநாட்டுச் சந்தைகளில் பாசிமணி விற்பவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும், கோப்புக்குத் தெரியாது!

மனு போட்டபோது தந்த ஒப்புகைச் சீட்டில் இனம் என்ன என்று முதலில் பாருங்கள். அப்புறம் உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய சாதிச் சான்றிதழ் இரண்டிலும் நரிக்குறவர் என்ற பெயர்தானா என்று ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் அவற்றையே இணைத்துப் புது மனு போடலாம்.

பழைய தாளில் 'குறவர்' என்றே இருந்தால் நேரடி விசாரணை வரும், நாளாகும். அதற்காகத் தாளில் எதையும் திருத்தாதீர்கள். வேலைக்குப் போகும்போது சாதிச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மாநிலக் கூர்நோக்குக் குழு எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கும். கோட்டாட்சியர் சான்றிதழ் தர மறுத்தால் எழுத்துப்பூர்வ ஆணை கேளுங்கள், அது இல்லாமல் மேல்முறையீடு கடினம்.