அதிபர் நினைச்சா போருக்குப் போயிடலாமா?

தம்பி, காங்கோவோட கோமா நகரத்தில, ருவாண்டா ஆதரவுக் கிளர்ச்சிப் படையோட நடந்த சண்டையில தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் இறந்த செய்தியைப் பார்த்துட்டுப் பதறிப் போய் எழுதியிருக்கீங்க. ருவாண்டாவோட சண்டை மூளுமா, மனைவி குழந்தையை டர்பனுக்குக் கூட்டிட்டு வரலாமா, இந்தத் தென்னாப்பிரிக்க அதிபர் நினைச்சா போருக்குப் போயிடலாமான்னு மூணு கேள்வி.

தாராளமா கூட்டிட்டு வாங்க. கோமா இங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. கட்டாய ராணுவ சேவையும் இப்போ கிடையாது. ருவாண்டா விஷயத்தில எனக்கு ஜோசியம் தெரியாது. மூணாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும்.

2021 ஜூலை வரைக்கும் எனக்கும் இதெல்லாம் தெரியாது. முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனதும் கலவரம் வெடிச்ச வாரம் அது. டர்பன்ல, சாட்ஸ்வர்த்தில எங்க தெருமுனையைக் கல்லும் டயரும் போட்டு அடைச்சிட்டு, ராத்திரி முறை வச்சுக் காவல் இருந்தோம். ரொட்டிக்கு மூணு மணி நேரம் வரிசை. முதல்ல 2,500 வீரர்கள் வர்றாங்கன்னாங்க. சில நாள்லயே 25,000 வரைக்கும்னு ஆச்சு. எதிர்வீட்டுத் தாத்தா இங்கேயே பிறந்தவர். தமிழ் அவருக்குக் கோயில் பாட்டோட சரி. "படை எத்தனைன்னு அதிபர் பார்லிமென்ட்டுக்கு எழுதிக் கொடுத்தே ஆகணும்"னு அவர்தான் இங்கிலீஷ்ல விளக்கினார்.

இந்த நாட்டு அரசியலமைப்போட 201ஆம் பிரிவு அது. போலீசுக்குத் துணையா, நாட்டைக் காக்க, இல்லேன்னா சர்வதேசக் கடமைக்குப் படையை இறக்க அதிபர் மட்டும்தான் அனுமதி தர முடியும். தந்த கையோட ஏன், எங்கே, எத்தனை பேர், எவ்வளவு காலம்னு நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கணும். முதல் ஏழு நாள்ல சபை கூடலைன்னா, அதோட கண்காணிப்புக் குழுவுக்குத் தெரிவிக்கணும்.

கவனிச்சீங்களா? சொல்லணும்னுதான் இருக்கு, கேட்கணும்னு இல்லை. 'தேசியப் பாதுகாப்பு நிலை'ன்னு, அதாவது நாட்டைக் காக்கப் போர் நிலைன்னு, முறையா அறிவிச்சா மட்டும் கதை வேற. 203ஆம் பிரிவுப்படி ஏழு நாளுக்குள்ள நாடாளுமன்றம் ஒப்புதல் தரலைன்னா அந்த அறிவிப்பு செத்துடும். நம்ம இந்தியாவில நெருக்கடி நிலைக்கே ஒரு மாசம் அவகாசம் இருக்கு. 1987ல இலங்கைக்கு அமைதிப்படை போனப்போ நாடாளுமன்றத்தில ஓட்டெடுப்பா நடத்தினாங்க?

வெறுமனே சொல்றதில என்ன இருக்குன்னு நானும் கேட்டேன். தாத்தா அங்கோலாவை இழுத்தார். 1975ல வெள்ளை அரசு அங்கே ரகசியமா படையை அனுப்பிச்சு, உள்ளூர்ப் பத்திரிகைகளோட வாயைக் கட்டிப் போட்டது. வெளிநாட்டு வானொலியைக் கேட்டுத்தான் இவருக்கு விஷயமே தெரிஞ்சதாம். அந்தப் பார்லிமென்ட்டுக்கு ஓட்டுப் போடவும் இவருக்கு உரிமை கிடையாது. அந்தச் சூடு பட்டதாலதான் 201 இப்படி எழுதப்பட்டதுன்னு அவர் அடிச்சுச் சொல்றார். எனக்கும் அது சரின்னுதான் படுது.

ஆனா கடிதம் வந்தா போதுமா? 2013 ஜனவரியில, அப்போ அதிபரா இருந்த ஜூமா எழுதினது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்கு 400 பேர், அந்த நாட்டுப் படையோட திறனை வளர்க்கன்னு. மார்ச்ல அதன் தலைநகர் பாங்குயில நடந்த சண்டையில 13 பேர் பிணமா திரும்பினாங்க. பயிற்சி கொடுக்கப் போனவங்க சண்டை போட்டது எப்படின்னு அப்புறம்தான் சபையில கேட்டாங்க. காங்கோவுக்கு 2,900 பேருன்னு கணக்கு தொடங்கினது 2023 டிசம்பர் 15. அதிபர் அலுவலகம் அதை வெளியில அறிவிச்சது பிப்ரவரியில. 201ல இருக்கிற 'உடனே'ங்கிற வார்த்தை இந்த ஊர்ல எவ்வளவு நீளும்னு நீங்க விசா அலுவலகத்திலேயே பார்த்திருப்பீங்க.

அதனால வாட்ஸ்அப்ல புரளி கிளம்பினா, கடிதம் வந்திருக்கான்னு முதல்ல தேடுங்க. வந்திருந்தா எண்ணிக்கையை விட்டுட்டு 'ஏன்'கிற வரியைப் படிங்க. பாதுகாப்புக் குழுக் கூட்டங்களை நாடாளுமன்ற யூடியூப்ல பார்க்கலாம். தூக்கம் வரும், ஆனா பாருங்க, கோமாவுக்குப் போனவங்க கையில என்ன ஆயுதம் இருந்ததுன்னு உறுப்பினர்கள் குடைஞ்சு கேட்டது அங்கேதான்.

குழந்தையோட தடுப்பூசி அட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க. பள்ளிக்கூடத்தில கேட்பாங்க.