பாட்டியின் சொற்பெட்டி

அன்புள்ள சார்,

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. இரண்டு வருடமாக வட அயர்லாந்தில், ஆன்ட்ரிம் கவுன்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் ஒரு பாட்டி தனக்கு 'ஆக்ஸ்டர்' வலிக்கிறது என்றார். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தான் இங்கே வந்தேன், ஆனால் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் கையைத் தூக்கி அக்குளைக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

அந்தப் பாட்டிக்கு ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி உயிர். பிபிசி ரேடியோ அல்ஸ்டரில் வரும் 'எ கிஸ்ட் ஓ வர்ட்ஸ்'. அல்ஸ்டர் என்பது அயர்லாந்துத் தீவின் வட பகுதி. அங்கே பேசும் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் மொழியில் பேச்சு, கவிதை, நடுவே பாட்டு. அது ஓடும்போது மாத்திரையோடு போனால்கூடக் கையமர்த்திவிடுவார். ஒருநாள் 'ஷஃக்' என்று ஒரு சொல் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். வயலோரத்து வாய்க்காலுக்கு அப்படிச் சொல்வார்களாம். "பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னதற்கு அடி வாங்கினேன், இப்போது பிபிசியில் சொல்கிறார்கள்" என்றார்.

உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டேன். ஒருவர், "அது மொழியே இல்லை, பட்டிக்காட்டு ஆங்கிலம்" என்றார். இன்னொருவர், "ஐரிஷ் மொழிக்கு ஏதோ கிடைத்தது என்பதற்காக, பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிற எதிர்த்தரப்பு கேட்டு வாங்கியது, எல்லாம் அரசியல்" என்றார். எனக்கும் பாதிக்கு மேல் ஆங்கிலமாகத்தான் கேட்கிறது. இது உண்மையில் ஒரு மொழிதானா? இதற்கென்று வானொலி நிகழ்ச்சி வேண்டுமா?

ச.

*

அன்புள்ள ச.,

கடிதத்தைப் படித்து முடித்ததிலிருந்து அந்தப் பாட்டியின் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் அடி வாங்கித் தந்த சொல், முதுமையில் படுக்கையோரத்து ரேடியோவிலிருந்து வருகிறது. அதற்காக மட்டுமே அந்த நிகழ்ச்சி நடந்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் நீங்கள் காரணம் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

முதலில் அந்த 'பட்டிக்காட்டு ஆங்கிலம்'. ஆங்கிலத்தில் இரவை 'நைட்' (night) என்று எழுதும்போது நடுவில் இரண்டு எழுத்துகள் வாய்திறக்காமல் நிற்கின்றன அல்லவா? அவை காரணமில்லாமல் வந்து நிற்கவில்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து ஒரு ஒலி எழுந்தது. பிறகு ஆங்கிலேயர்கள் ஒலியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உங்கள் பாட்டியின் மொழியில் ஒலி இன்னும் இருக்கிறது. 'நிஃக்ட்' என்பார்கள். 'ஷஃக்' என்பதன் கடைசியில் வருவதும் அதுதான். நம் ஆய்தத்தை 'அஃது' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். வீட்டை 'ஹூஸ்' என்றும் பசுவை 'கூ' என்றும் சொல்வதும் இப்படித்தான். ஆங்கிலம் சில நூற்றாண்டுகளுக்கு முன் தன் நெடில் ஒலிகளை வரிசையாக மாற்றிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி பேசியவர்கள் இந்தச் சொற்களில் பழைய ஒலியை மாற்றவில்லை. ஆக, ஆங்கிலத்தை இவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வழியே இல்லை.

இன்னொன்று. ஆங்கிலத்துக்குச் சுட்ட 'திஸ்', 'தட்' என்று இரண்டுதான். இவர்கள் 'தொன்' என்று மூன்றாவதாக ஒன்றும் வைத்திருக்கிறார்கள், அப்பால் தள்ளி இருப்பதைக் காட்ட. இது, உது, அது என்று மூன்று சுட்டு வைத்திருந்தவர்கள் நாம். யாழ்ப்பாணத்தில் 'உது' இன்றும் புழங்குகிறது. மூன்றாவது சுட்டின் அருமை நமக்குத் தெரியும்.

பாதி புரிகிறது என்பதில் ஆச்சரியம் இல்லை. ஸ்காட்ஸும் ஆங்கிலமும் பழைய ஆங்கிலம் என்ற ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை. அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் அந்த ஸ்காட்ஸ் மொழியின் கடல் தாண்டிய கிளை. மார்த்தாண்டத்துக்காரியான உங்களுக்கு மலையாளம் முக்கால்வாசி புரியும். அதனால் அதைக் கெட்டுப்போன தமிழ் என்று சொல்வீர்களா? தனிமொழியா, வட்டாரவழக்கா என்று மொழியியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கு முடியும்வரை பாட்டியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

கடல் என்றேனே, அது பெரிய கடல் அல்ல. நீங்கள் இருக்கும் ஆன்ட்ரிமின் வடகிழக்குக் கரையில் டார் ஹெட் என்று ஒரு முனை இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் போய் நின்றால் ஸ்காட்லாந்து எதிரே தெரியும். இடையில் சுமார் 20 கிலோமீட்டர்தான். போக்குவரத்து எப்போதும் இருந்தது. 1606-ல் ஹாமில்டன், மான்ட்கோமெரி என்ற இரண்டு ஸ்காட்லாந்து நிலக்கிழார்கள் டவுன், ஆன்ட்ரிம் பகுதிகளில் தங்கள் ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அரசே முன்னின்று அல்ஸ்டரில் பெருங்குடியேற்றத்தை நடத்தியது. ஐரிஷ் குலத்தலைவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் நடந்த குடியேற்றம் அது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அதைச் சொல்லாமல் ஃபிடில் இசையைப் பற்றியும் பழஞ்சொற்களைப் பற்றியும் மட்டும் இனிமையாகப் பேசிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது நண்பர் சொன்ன அரசியல் வருகிறது. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வட அயர்லாந்தின் 1998 சமாதான ஒப்பந்தத்தை அடுத்து, 1999-ல் அதற்கும் அயர்லாந்து குடியரசுக்கும் பொதுவாக எல்லை தாண்டிய மொழி அமைப்பு ஒன்று வந்தது. அதற்கு இரண்டு கைகள்: ஒன்று ஐரிஷுக்கு, ஒன்று அல்ஸ்டர்-ஸ்காட்ஸுக்கு. 2022-ல் வந்த சட்டமும் ஐரிஷுக்கு அதிகாரபூர்வ நிலை தந்த கையோடு அல்ஸ்டர்-ஸ்காட்ஸுக்கும் ஓர் ஆணையரை வைத்தது. இந்தப் பக்கம் ஒரு படி அளந்தால் அந்தப் பக்கமும் ஒரு படி. தராசில் எதிர் எடையாக இந்த மொழியைத் தூக்கி வைத்த அரசியல்வாதிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

ஆனால் மொழிக்கு அது தெரியாது. ஜேம்ஸ் ஓர் என்று ஒரு கவிஞர். உங்கள் கவுன்டியிலேயே பாலிகேரி ஊர்க்காரர், 1770-ல் பிறந்தவர், தொழில் தறி நெய்வது. அந்தக் காலத்தில் ஆன்ட்ரிம், டவுன் பகுதிகளில் லினன் நெய்துகொண்டே கவி கட்டிய நெசவாளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் முதல்வர் என்று இவரைச் சொல்வேன். ஊர் பேசும் ஸ்காட்ஸிலேயே எழுதினார். 1798-ல் ஐக்கிய அயர்லாந்தினர் என்ற இயக்கத்தார் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது இவரும் கிளர்ச்சியில் இறங்கினார், தோற்று அமெரிக்காவுக்குத் தப்பினார், பிறகு திரும்பி வந்து மறுபடி தறியில் உட்கார்ந்தார். 1804-ல் முதல் தொகுப்பு வெளிவந்தது. இன்று பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்களின் அடையாளமாகக் காட்டப்படும் மொழியின் பெரிய கவிஞர் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நின்றவர். இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

இன்னொருவர் ஷேமஸ் ஹீனி, 1995-ல் நோபல் வாங்கியவர். டெரி கவுன்டியின் கத்தோலிக்க விவசாயக் குடும்பம். பழைய ஆங்கிலக் காப்பியமான பெயோவுல்ஃபை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது அதில் ஒரு வினைச்சொல்லில் தடுக்கி நின்றார். சிறுவயதில் அவருடைய அத்தை, எதிர்பாராத சாவு விழுந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் 'தோல்' பண்ணக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பாராம். தாங்கிக்கொள்வது, பொறுத்துக்கொள்வது என்று பொருள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஏட்டில் இருந்த அதே சொல் அத்தையின் வாயில் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய புராட்டஸ்டன்ட்களோடு வந்த சொல், அவர்களுக்கு எதிர்த்தரப்பு என்று கருதப்படும் கத்தோலிக்க வீட்டில் துக்கத்துக்குத் துணையாக இருந்திருக்கிறது. எந்தத் தராசில் இதை நிறுப்பது?

சரி, வானொலி எதற்கு? இந்த மொழிக்குக் காகிதத்தைவிடக் காற்றுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். 1999-க்குப் பிறகு அரசுத் துறைகளின் பெயர்களையும் அறிக்கைகளையும் அல்ஸ்டர்-ஸ்காட்ஸில் எழுதத் தொடங்கினார்கள். பண்பாட்டுத் துறையின் பெயரில், பண்பாடு என்பதற்கு 'ஃபௌக்கேட்ஸ்' என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். மக்கள் போகும் வழி என்பதுபோலப் பொருள் வரும். நல்ல நோக்கம்தான். ஆனால் அடுப்படியிலும் மாட்டுத்தொழுவத்திலும் வாழ்ந்த மொழியை ஒரே நாளில் கோட்டு போட்டு அலுவலகத்தில் உட்காரவைத்தால், அதைப் பேசி வளர்ந்தவர்களுக்கே அடையாளம் தெரியாமல் போகும். கேலிக்காரர்களுக்கு அந்த எழுத்துக்கூட்டலே போதுமானதாக இருந்தது. ரேடியோவில் அந்தக் கேலி எடுபடாது. ஒரு விவசாயி கிடாய் ஏலம் போன கதையைத் தன் குரலில் சொல்லும்போது அவரிடம் போய் 'இது மொழியில்லை' என்று யார் சொல்வது?

'கிஸ்ட்' என்றால் மூடிபோட்ட பெரிய மரப்பெட்டி. துணிமணியும் போர்வையும் மடித்துப் பத்திரப்படுத்தும் பெட்டி. நிகழ்ச்சிக்குச் சொற்பெட்டி என்று பெயர் வைத்தவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அதே நிலையத்தில் 'கின்ட்ரா' என்றும் ஒன்று உண்டு, நாட்டுப்புறம் என்று பொருள். அதில் இசை. பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பெட்டியில் சேர்த்துவைத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். கோல்ரேனில் சாம் ஹென்றி என்று ஓர் அரசு அதிகாரி. முதியோர் பென்ஷன் வேலையாக வயதானவர்களின் வீடுகளுக்குப் போனவர், அவர்களிடமிருந்த பாட்டுகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். 1923-க்கும் 1939-க்கும் இடையில் உள்ளூர்ப் பத்திரிகையில் வாரத் தொடராக அச்சிட்டார். பிறகு பெல்ஃபாஸ்ட் பிபிசியில் தயாரிப்பாளராக இருந்த சாம் ஹன்னா பெல், 1950-களில் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குப் போய்ப் பாட்டும் கதையும் பதிவுசெய்ய வைத்தார். அதற்குமுன் வட்டாரப் பேச்சு ரேடியோவில் வந்தால் நடிகர்கள் பாவனை செய்வதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பேசுகிறவரையே பேசவிட்டது பெரிய மாற்றம்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் ஓரளவாவது தெரியும் என்றவர்கள் 8.1 சதவீதம். 2021-ல் 10.4 சதவீதம், சுமார் 1,90,000 பேர். இவர்களில் கணிசமானோர் 'கேட்டால் புரியும், பேச வராது' என்றவர்கள். அப்பா பேசினார், பள்ளியில் தடுத்தார்கள், வாய் மறந்துவிட்டது, காது மறக்கவில்லை. காது மட்டும் மிச்சமிருக்கும் மக்களுக்கு வானொலியைவிட வேறென்ன கொடுக்க முடியும்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சின்ன நோட்டு வாங்கி, பாட்டி சொல்லும் சொற்களை நம் எழுத்தில் குறித்துவையுங்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பதோடு. ஆக்ஸ்டர் முதல் சொல்லாக இருக்கட்டும். அப்புறம், 'தோல்' என்பதை அவர் வீட்டில் யார், எப்போது சொல்வார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.